எங்கள் மஞ்சளின் பெயரில் விற்கப்படும் மாத்திரை

உணவுத் துணைப்பொருள்களுக்கான விதிகளை எழுதவும் திருத்தவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் அறிவியல் குழுவினருக்கும்,

என் அம்மா சாப்பிட்ட மஞ்சள் மாத்திரை உணவுதான், மருந்து இல்லை என்று ஒரு நிறுவனம் எனக்கு எழுதியிருக்கிறது. "எங்கள் தயாரிப்பு முறையாக உரிமம் பெற்ற உணவுப்பொருள். இதன் மூலப்பொருளான மஞ்சள் தலைமுறை தலைமுறையாக நம் சமையலில் இருந்து வருகிறது. தங்கள் தாயார் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்." பதில் அவ்வளவுதான். அம்மாவின் கல்லீரல் பாதிப்பைப் பற்றிப் பிப்ரவரியில் நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்து வந்த மூன்று வரி.

அந்த மூன்று வரியில் பொய் எதுவும் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வதும் அதுதான். சட்டப்படி அது உணவு. எது உணவு, எது மருந்து என்று கோடு போடுகிற பேனா உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் அந்த நிறுவனத்துக்கு மறுபடி எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஈரோடு மாவட்டத்தில், கொடுமுடிப் பக்கம், காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பாரு காலத்திலிருந்து எங்கள் தோட்டத்தில் மஞ்சள்தான். வைகாசியில் விதை மஞ்சள் ஊன்றினால் மாசியில் வெட்டும் வரை வீட்டில் வேறு பேச்சே இருக்காது. வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகு ஏற்றி, விரலி வேறு கிழங்கு வேறு என்று பிரிக்கும்போது கைரேகையில் ஏறிய மஞ்சள் பங்குனி முடிந்தும் போகாது. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா அந்தச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மஞ்சளுக்கு எதிரியாக இதை எழுதவில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கு ஒரே ஒரு மாத்திரை. முழங்கால் வலி. போன ஆகஸ்டில் கோவையிலிருந்து வந்த சின்னம்மா, "இத சாப்பிடுக்கா, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். முகப்பில் வழவழப்பான விரலி மஞ்சள் படம். 'நூறு சதவீதம் இயற்கை'. 'மூட்டுக்கும் கல்லீரலுக்கும் துணை'. அதற்கும் கீழே, பளிச்சென்ற கட்டத்துக்குள், '20 மடங்கு உறிஞ்சல்'. எல்லாம் ஆங்கிலத்தில். பின்பக்கம் எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று விதி கேட்கிற வரி. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். அவருக்குப் புரிந்தது அந்த மஞ்சள் படம் மட்டும்தான். காலை ஒன்று, இரவு ஒன்று. முதல் டப்பா தீர்ந்ததும் அப்பாவை விட்டு இன்னொன்று வாங்கிவரச் சொன்னார்.

தீபாவளிப் பலகாரம் சுடும்போதே எண்ணெய் வாசம் பிடிக்கவில்லை என்று எழுந்து போனார். அசதி என்றார். வயதாகிறது, வேலை அதிகம் என்று நாங்கள் நினைத்தோம். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனதாக ஒரு நாள் காலையில் தயங்கித் தயங்கிச் சொன்னார். கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்.

காமாலை என்றால் எங்கள் ஊரில் முதலில் கீழாநெல்லி. வரப்பில் பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தோம். நானும்தான் கொடுத்தேன். வேதியியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் நான் அந்த ஒரு வாரத்தை வீணாக்கினேன். அந்த ஒரு வாரமும் அம்மா மஞ்சள் மாத்திரையை நிறுத்தவில்லை. கல்லீரலுக்கு நல்லது என்று சின்னம்மா டப்பாவைப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் ஒருவேளைகூடத் தவறவிடாமல் சாப்பிட்டார்.

மருத்துவமனையில் சேர்த்தபோது எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி 1,140. நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் 13.6; ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, ஈ எல்லாம் பார்த்தார்கள். இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. உடம்பே தன் கல்லீரலைத் தாக்குகிற நோயா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மருத்துவர் வந்து, "வேற ஏதாவது மருந்து மாத்திரை எடுக்கறீங்களாம்மா? நாட்டு மருந்து ஏதாவது?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் அம்மா, "சக்கரை மாத்திரை ஒண்ணுதானுங்க. கீழாநெல்லி ஒரு வாரம் குடிச்சனுங்க" என்று சொன்னார். அவர் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்.

நான்காம் நாள் மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்குப் போனேன். சாமி அறை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருந்தது. கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "அது மருந்தா சாமி? நம்ம மஞ்சள்தானே" என்றார்.

ஒரு மருந்தையோ மூலிகையையோ நூற்றுக்கு நூறு குற்றவாளி என்று நிரூபிக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது என்று மருத்துவர் நேர்மையாகவே சொன்னார். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு எது மிஞ்சுகிறது, எந்த நாளில் தொடங்கியது, நிறுத்தியதும் இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். கீழாநெல்லி கண் மஞ்சளான பிறகு வந்தது. சர்க்கரை மாத்திரை ஆறு வருடமாக இருக்கிறது. மாத்திரை டப்பா ஆகஸ்டில் வந்தது. நிறுத்தினோம். எண்கள் இறங்கின. பிலிருபின் பழைய நிலைக்கு வரப் பதினோரு வாரம் ஆனது. அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்கு, பானையில் கட்ட அப்பா தோட்டத்திலிருந்து மஞ்சள் கொத்து பிடுங்கி வந்தார், இலையும் மண்ணுமாக. அம்மா எட்டி நின்றார். குழம்பில் மஞ்சள் போடுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். சமையல் மஞ்சளால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "இத்தன வருசம் நான் வெளைய வெச்சது வெசமா கண்ணு?"

அவருக்கு அன்று நான் சொன்ன விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் எங்கள் வீட்டு டப்பாவின் மேல் இதில் ஒரு வரிகூட இல்லை.

மஞ்சளில் நிறத்தைத் தருவது குர்குமின். 1815-லேயே மஞ்சளிலிருந்து அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். 1910-ல் அதன் வேதியமைப்பு தெரிந்தது. நல்ல மஞ்சளில்கூட அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் இருக்கும். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு நாள் சமையலுக்கு மொத்தமாக ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஆளுக்கு 18.

அந்த மாத்திரையில் இருந்தது மஞ்சள்தூள் அல்ல. கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுத்து, 95 சதவீதம் வரை செறிவாக்கிய எக்ஸ்ட்ராக்ட். ஒன்றில் 500 மில்லிகிராம். அம்மா சாப்பிட்டது நாளுக்கு இரண்டு. அப்படியானால் குர்குமினும் அதன் உறவுச் சேர்மங்களும் சேர்ந்து 950 மில்லிகிராம். சாப்பாட்டில் அம்மாவுக்குக் கிடைத்ததைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். அதைத் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் பத்துத் தேக்கரண்டிக்கும் அதிகமாக விழுங்கியாக வேண்டும், தினமும்.

உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உணவு நிறமியாகச் சேர்க்கும் குர்குமினுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 3 மில்லிகிராம் வரை. அம்மா 58 கிலோ. கணக்குப் போட்டால் 174 மில்லிகிராம். அவர் சாப்பிட்டது அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். மேலும் அந்த வரம்பு, உறிஞ்சலை ஏற்றிவிடாத சாதாரண குர்குமினை மனதில் வைத்துப் போட்டது.

இனிதான் முக்கியமான இடம். குர்குமினை அப்படியே விழுங்கினால் அதில் மிகச் சொற்பம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். குடலும் கல்லீரலும் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்து, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, வெளியே அனுப்பிவிடும். பல நூறு வருடமாக நாம் மஞ்சளைச் சாப்பிட்டு நலமாக இருக்கிறோம் என்றால், இந்தக் காவலும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மிளகில் உள்ள பைப்பரின் அந்தக் கோக்கும் வேலையைத் தடுக்கிறது. 1998-ல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு ஆனது. அம்மாவின் டப்பா முகப்பில் இருந்த '20 மடங்கு' இங்கிருந்து வந்ததுதான் போலிருக்கிறது. அந்த மாத்திரையிலும் எக்ஸ்ட்ராக்ட் 500, பைப்பரின் 5, அதே நூற்றுக்கு ஒன்று. வாசலில் நிற்கும் காவலாளியை விலக்கிவிட்டோம் என்பதை டப்பா ஒரு சிறப்பாக விளம்பரம் செய்கிறது. உள்ளே போவது எவ்வளவு, அதை உடம்பு தாங்குமா என்று அந்த டப்பா கேட்கவில்லை.

அப்பா உடனே கேட்டார், "ரசத்துலயும் மிளகும் மஞ்சளும்தானே போடறோம்?" நல்ல கேள்வி. ரசத்தில் மிளகுக்குக் குறைவில்லை. ஆனால் அது ஏற்றிவிடுவதற்கு அங்கே இருக்கிற குர்குமின் ஒரு கரண்டிக்குச் சில மில்லிகிராம். அதுவும் சோறு, புளி, பருப்பு எல்லாவற்றோடும் கலந்து வருகிறது. அரை கிராம் குர்குமின் ஒரே விழுங்கில் வருவதில்லை.

பைப்பரினைப் பற்றி இன்னும் ஒன்று. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம், அதோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராம் போதும் என்று கண்டறிந்தது. அந்தக் கூட்டு மாத்திரை 2009-ல் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையின் ஒப்புதலைப் பெற்றுத்தான் சந்தைக்கு வந்தது. நம் விஞ்ஞானிகளின் சாதனை அது, வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். 10 மில்லிகிராம் பைப்பரின் ஒரு மருந்தின் அளவை அரைப்பங்குக்கும் கீழாகக் குறைக்கும் அளவுக்கு வலிமையானது என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதே 10 மில்லிகிராம், இரண்டு ஐந்துகளாக, என் அம்மாவின் வயிற்றுக்குள் தினமும் உணவு என்ற பெயரில் போனது. அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்குச் சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர் இதை வாங்குகிறார்களோ.

அரிதாக நடப்பதை வைத்து ஊரைப் பயமுறுத்துகிறேன் என்று சொல்வீர்கள். அரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. என் சின்னம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டுவலிக்குச் சில சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அரிது என்பதால் மற்ற நாடுகள் சும்மா இருந்துவிடவில்லை. இத்தாலியில் 2019-ல் மஞ்சள் துணைப்பொருள் சாப்பிட்டவர்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட கல்லீரல் அழற்சிகள் பதிவானதும் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் விசாரித்தது. 2022-ல், இவற்றின் மேல் 'கல்லீரலுக்கு நல்லது' என்று எழுதுவதையே தடைசெய்து, எச்சரிக்கை வரியைக் கட்டாயமாக்கியது. அம்மாவின் டப்பா முகப்பில் எந்த வாசகம் இருந்ததோ, அதே வாசகம்.

அதே 2022-ல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை, தனக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட புகார்களில் 15 கல்லீரல் அழற்சி என்று சொல்லி, உறிஞ்சலை ஏற்றிய தயாரிப்புகளைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் வெளியிட்ட எச்சரிக்கையில் 18 புகார்கள், அதில் ஒரு மரணம். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு மஞ்சள் தொடர்பான 10 பேரைப் பற்றி எழுதியது. எட்டுப் பேர் பெண்கள். ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைப் பிறப்பே ஓரளவு தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. அது தன்னிடம் இருக்கிறதா என்று என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் இருக்கிறதா என்று இன்று வரை நாங்களும் பார்க்கவில்லை. கடையில் வாங்கும் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒருவருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச உதவி, கண் மஞ்சளானால் நிறுத்து என்று டப்பாவில் எழுதுவது.

இது மஞ்சளோடு நிற்கிற விஷயமும் அல்ல. கிரீன் டீயைக் குடிப்பதில் தொந்தரவு இல்லை. அதிலுள்ள கேட்டசின் என்ற சேர்மங்களை மட்டும் பிழிந்து, அவற்றில் முக்கியமான இ.ஜி.சி.ஜி. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்படி மாத்திரையாகக் கொடுத்தபோது கல்லீரல் நொதிகள் ஏறியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-லேயே சொல்லிவிட்டது. அங்கும் அதே மரபணு வகை தலைகாட்டுகிறது. கேரட்டின் கதை இன்னும் பழையது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கண்டு, பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-ல் வெளியான முடிவு இது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும். ஒரு சேர்மம் காய்க்குள் இருக்கும்போது ஒரு வேலை செய்கிறது; அதைத் தனியே பிரித்து நூறு பங்காக்கினால் வேறு வேலை செய்யலாம். முப்பது வருடத்துக்கு முன்பே கற்ற பாடம்.

நம் நாட்டுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1995-ல் அமெரிக்காவில், காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் சான்றுகளையும் திரட்டிக்கொண்டு போய் வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. இது எங்கள் பாட்டிகளின் அறிவு, உங்கள் கண்டுபிடிப்பு அல்ல என்று உலகத்தின் முன் சொன்னோம். சரி. அந்தப் பாட்டிகளின் அறிவு எதைப் பற்றியது? அரைத்த மஞ்சளைப் பற்றியது. கொதிக்கிற பாலில் ஒரு சிட்டிகை, குழம்பில் அரைக் கரண்டி, புண்ணில் வேப்பிலையோடு ஒரு பற்று. 95 சதவீத எக்ஸ்ட்ராக்டைப் பைப்பரினோடு சேர்த்து மாதக்கணக்கில் விழுங்குவதைப் பற்றி எந்தப் பாட்டிக்கும் அனுபவம் கிடையாது. 'தலைமுறை தலைமுறையாக' என்று அந்த நிறுவனம் எனக்கு எழுதியபோது, எங்கள் பாட்டியின் சாட்சியத்தைத் தன் பொருளுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டது. அதற்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

போன மாதம் ஈரோட்டுக்கு ஒரு வேலையாகப் போனபோது நான்கு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஏழு நிறுவனங்களின் மஞ்சள் மாத்திரைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. ஐந்தில் உறிஞ்சல் மடங்கு முகப்பிலேயே இருந்தது. கல்லீரல் பாதிப்பு என்ற சொல் எதிலும் இல்லை. இரண்டில் கல்லீரலுக்குத் துணை என்று இருந்தது. அம்மா சாப்பிட்ட அதே பொருளின் டப்பா புதிதாக மாறியிருக்கிறது. '20 மடங்கு' என்ற எழுத்து முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறது. என் நான்கு பக்கக் கடிதத்துக்குப் பிறகு அவர்கள் மாற்றியது அந்த எழுத்தின் அளவை.

2016-ல் எழுதப்பட்டு 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த துணைப்பொருள் விதிகளை முழுதும் படித்தேன். பெயர் இருக்க வேண்டும், பரிந்துரைத்த அளவைத் தாண்டக் கூடாது என்று எழுத வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல்ல விதிகள்தான். என் அம்மா அதில் எதையும் மீறவில்லை. பரிந்துரைத்த அளவைத்தான் சாப்பிட்டார். குழந்தைக்கு எட்டாத சாமி அலமாரியில்தான் வைத்திருந்தார்.

அதனால் உங்களிடம் கேட்பது இவற்றை.

முதலில் செய்ய வேண்டியது எச்சரிக்கை. செறிவாக்கிய குர்குமின் விற்கும் ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும், விற்கப்படும் மாநிலத்தின் மொழியில், படிக்கிற அளவு எழுத்தில் இது இருக்க வேண்டும்: "இது சமையல் மஞ்சள் அல்ல. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடம்பு அரித்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல், பித்தப்பை நோய் உள்ளவர்களும் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது." இதற்குப் புதிய ஆராய்ச்சி தேவையில்லை, ஓர் ஆணை போதும். எக்ஸ்ட்ராக்ட் மாத்திரைகளின் மேல் 'கல்லீரலுக்கு நல்லது', 'கல்லீரலுக்குத் துணை' போன்ற வாசகங்களை அதே ஆணையில் தடைசெய்யுங்கள்.

நாளுக்கு எவ்வளவு குர்குமின் உள்ளே போகிறது என்பதை மில்லிகிராமில் முகப்பில் போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நிபுணர் குழுவின் வரம்பையும், 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம் என்று, போடச் சொல்லுங்கள். பைப்பரினும் அப்படியே. '20 மடங்கு' என்று மார்தட்டுகிற இடத்தில் அந்த எண்கள் இருக்கட்டும்.

பைப்பரின் சேர்த்தோ, கொழுப்பில் பொதிந்தோ, நுண்துகளாக்கியோ உறிஞ்சலை ஏற்றிய பொருள்களைச் சாதாரண மஞ்சளோடு ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, மாதக்கணக்கில் சாப்பிட்டால் கல்லீரல் நொதிகள் என்ன ஆகின்றன என்ற மனிதத் தரவைக் கொடுத்த பிறகே அவற்றுக்கு உரிமம் கொடுங்கள். ஏற்கெனவே சந்தையில் இருப்பவற்றுக்கும் ஒரு கெடு வையுங்கள். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்டையும் இதே பார்வையில் எடுங்கள்.

அப்புறம், புகார் போகிற வழி. மருந்தால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2010-லிருந்து தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, இப்போது காஸியாபாத்தை மையமாகக் கொண்டு. அதில் மூலிகைப் பொருள்களைப் பற்றியும் தெரிவிக்கலாம் என்பது எனக்கே அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்தக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு துணைப்பொருள் டப்பாவிலும் கட்டாயமாக அச்சிடச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு நேராக வரும் பாதிப்புக் கடிதங்களையும், என்னுடையதைப் போன்றவற்றை, குறிப்பிட்ட நாள்களுக்குள் அந்தத் திட்டத்துக்கும் உங்களுக்கும் அனுப்பியாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். வந்த புகார்களின் எண்ணிக்கையை, பொருள் வாரியாக, ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வெளியிடுங்கள். இத்தாலியின் எண் எனக்குத் தெரிகிறது, பிரான்சின் எண் தெரிகிறது. மஞ்சள் விளைகிற என் நாட்டின் எண்ணும் எனக்குத் தெரிய வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்ற கேள்வி என் அம்மாவிடம் நான்கு நாள் பயன்படவில்லை. "மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ மாத்திரை, சத்து மாத்திரை, டப்பாவில் வருகிற எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் மருத்துவ அறிக்கைகளின் நகலையும், அந்த மாத்திரையின் பழைய டப்பா, புதிய டப்பா இரண்டின் படங்களையும், நிறுவனத்தின் மூன்று வரிக் கடிதத்தையும் உங்களுக்குப் பதிவு அஞ்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெயரைப் பொதுவில் சொல்லவில்லை. அது உங்கள் விசாரணையில் வரட்டும். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன காரணம் என்று எழுத்தில் பதில் தாருங்கள். முடிந்தால் தமிழில் தாருங்கள். அதை நான் அம்மாவிடமும் அப்பாவிடமும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயியின் மகள்,
வேதியியல் ஆசிரியை,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.